உதடு வெடிக்கும் காலம்

தீபாவளிப் பட்சணம் தீர்ந்து, பெட்டிக்குள் இருக்கும் ஸ்வெட்டரை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாரத்தில் புனேயில் உதடுகள் வெடிக்க ஆரம்பித்துவிடும். கட்கியில் 28 வருடம் மருந்துக்கடை நடத்தியவன் என்கிற முறையில் இதை நான் காலண்டர் பார்க்காமலே சொல்வேன். முதலில் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான். ஆடி மாதம் பேரனைப் பார்க்க மயிலாடுதுறையிலிருந்து வந்து தங்கிவிட்ட பாட்டி, ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த மதுரைப் பையன், கல்யாணமாகி வந்து ஐந்து மாதமான நாகர்கோவில் பெண். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே: "ஊர்ல இருந்தவரைக்கும் இப்படி ஆனதே இல்லை சார். இங்கே தண்ணி சரியில்லையோ?"

தண்ணீர் மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை. காற்றுதான் காரணம். புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் முதுகுப் பக்கம் இருக்கிறது. மழை ஓய்ந்தபின் இங்கே வீசுவது தக்காணத்தின் வறண்ட காற்று. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது இங்கு சகஜம். சிவாஜி நகரில் பழைய புனேக்காரர்கள் 'சிம்லா ஆபீஸ்' என்று சொல்லும் வானிலை அலுவலகம் இருக்கிறதல்லவா? 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டதால் வந்த பெயர் அது. 1935 ஜனவரி 17 அன்று இந்த ஊரில் 1.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. குளிர் போனாலும் வறட்சி போவதில்லை. மார்ச், ஏப்ரல் மதியங்களில் காற்றின் ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்குக் கீழே போய்விடும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடல் நம் தோலுக்கு இலவசமாகச் செய்துவந்த உபகாரம் இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது.

சரி, கை கால் எல்லாம் சும்மா இருக்க உதடு மட்டும் ஏன் முதலில் அடி வாங்குகிறது? தோலுக்கு அடியில் எண்ணெய் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. அவை நாள் முழுவதும் மெழுகு போட்ட மாதிரி தோலைக் காத்துக்கொண்டிருக்கின்றன. உதட்டின் சிவந்த பகுதியில் அந்தச் சுரப்பிகள் அனேகமாக இல்லை. சிலருக்கு மேலுதட்டின் விளிம்பில் ரவை ரவையாக மஞ்சள் புள்ளிகள் தெரியும். அவை வழி தவறி அங்கே வந்த எண்ணெய்ச் சுரப்பிகள்தான். அவற்றால் கெடுதல் எதுவும் இல்லை, அதைக் காட்டி வைத்தியம் கேட்டு வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உதட்டில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, ரோமமும் இல்லை. முகத்தின் மேல்தோல் 16 அடுக்கு வரை கெட்டியாக இருக்கும் என்றால் உதட்டில் 3 முதல் 5 அடுக்குதான். அந்த மெல்லிய திரைக்குப் பின்னால் ஓடும் இரத்தம் வெளியே தெரிவதுதான் உதட்டின் சிவப்பு. சுருக்கமாகச் சொன்னால், வாயின் உள்பக்கத்துச் சவ்வு கொஞ்சம் வெளியே மடிந்து வந்து நிற்கிறது. உள்ளே இருந்தால் எச்சில் நனைத்துக் காப்பாற்றும். வெளியே வந்துவிட்டதால் அதற்கும் வழியில்லை, எண்ணெயும் இல்லை.

இந்த ஈரத்தை நாமே கொடுத்துவிடலாம் என்று நாக்கு நினைக்கிறது. ஸ்கூட்டரை சிக்னலில் நிறுத்தியதும் பத்தில் ஆறு பேர் உதட்டை நக்கிக்கொள்வதைப் பார்க்கலாம். அந்த நிமிஷம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் காற்று எச்சிலை உறிஞ்சும்போது உதட்டில் இருந்த கொஞ்சம் ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். மேலும் எச்சில் வெறும் தண்ணீர் அல்ல, சோற்றைக் கரைப்பதற்கென்று உடம்பு சுரக்கும் திரவம். அது மெல்லிய தோலையும் அரிக்கும். பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு உதட்டைச் சுற்றி மீசை வரைந்த மாதிரி சிவப்பாக ஒரு வளையம் வருமே, அது நக்கி நக்கியே வருவது. நக்காதே என்று அதட்டினால் இன்னும் அதிகமாக நக்குவார்கள். மணிக்கொரு தரம் கொஞ்சம் நெய் தடவிவிடுங்கள், நாக்கு தானாகச் சும்மா இருக்கும்.

உரியும் தோலைப் பல்லால் கடித்து இழுப்பது இரண்டாவது தப்பு. காய்ந்த மேலடுக்கோடு காயாத அடியடுக்கும் பிய்ந்து வந்து இரத்தம் கசியும். மிளகாய்ப்பொடி பட்ட இட்லியை வாயில் வைத்ததும் அதன் பலன் தெரியும்.

எதைத் தடவுவது? நம் வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. நல்லதுதான், ஆனால் புனேயின் ஜனவரிக் காலையில் அது பாட்டிலுக்குள் சுண்ணாம்பு மாதிரி உறைந்து கிடக்கும். 25 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுபாவம் அப்படி. பசு நெய், வெண்ணெய் இரண்டும் நன்றாகக் கேட்கும். மராட்டிய வீடுகளிலும் 'தூப்' என்று நெய்யைத்தான் சொல்வார்கள். பிறகு கடைச் சரக்கு. 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாஸ்லினும், 1929-இல் கல்கத்தாவில் பிறந்த போரோலினும்தான் என் கடையில் குளிர்காலம் முழுக்க ஓடியவை. வாஸ்லின் உதட்டுக்கு ஈரம் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரம் ஓடாமல் கதவைச் சாத்துகிறது, அவ்வளவே. அதனால் வறண்ட உதட்டில் தடவுவதைவிட, முகம் கழுவியதும் ஈரம் முழுதும் காய்வதற்கு முன் தடவுவதுதான் முறை. இரவு படுக்கும்போது ஒரு தரம் கட்டாயம். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்களுக்கு அதுதான் காலைக் காயத்தைத் தடுக்கும். கற்பூர வாசனையும் புதினாச் சில்லிப்பும் உள்ள தைலங்கள் உதட்டில் போட்டால் ஜிவ்வென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் முன்னைவிட அதிகமாக எரியும். நான் விற்ற சரக்கானாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

புனே எனக்குக் கற்றுக் கொடுத்த சரக்கு ஒன்று உண்டு. என் கடைக்கு எதிர்வீட்டில் இருந்த மாவ்ஷி, ஒரு நாள் என் மனைவியின் வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். கோழிமுட்டை வடிவத்தில், வெளிர் மஞ்சளாய், கல் மாதிரி ஒரு உருண்டை. கோகம் தேல். கோகம் சர்பத்தும் சோல்கடியும் நாம் எல்லோரும் குடித்திருக்கிறோம். அந்தப் பழத்தின் தோலைக் காயவைத்தால் குழம்புக்குப் போடும் ஆம்சூல். உள்ளே இருக்கும் கொட்டையைக் கொங்கணத்து வீடுகளில் வீணாக்குவதில்லை. காயவைத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துக் கையாலேயே உருட்டிவிடுவார்கள். நம் குடம்புளியும் இந்தக் கோகமும் ஒரே குடும்பத்து மரங்கள். ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கத்திலிருந்து வரும் இந்த உருண்டை, கொங்கணச் சரக்கு விற்கும் கடைகளில் கிடைக்கும்.

இதன் விசேஷம் என்னவென்றால், ஏறக்குறைய நம் உடம்புச் சூட்டில்தான் இது இளகும். அதனால் புனே வெயிலிலும் ஓடி வழியாது, உதட்டில் பட்டபின் நெய் மாதிரி சீக்கிரம் நக்கிப் போகாது, மெழுகாக நிற்கும். உருண்டையை அப்படியே உதட்டில் தேய்த்தால் கீறிவிடும். கரண்டியில் ஒரு சுரண்டல் எடுத்து, விளக்குச் சூட்டில் காட்டி, விரலால் தொட்டு வைக்க வேண்டும். மீதி இருப்பதைப் பித்த வெடிப்புக்குக் குதிகாலில் தடவுங்கள். ஒரு உருண்டை ஒரு குடும்பத்துக்கு ஒரு குளிர்காலம் முழுக்க வரும். ட்யூப் விற்றுப் பிழைத்தவன் இதைச் சொல்வதற்காக என் பழைய கூட்டாளிகள் என்னைத் திட்டினாலும் சரி.

சங்கராந்தியன்று எள்ளுருண்டையைக் கையில் கொடுத்து, "தில்குல் க்யா, கோட் கோட் போலா" என்பார்கள், இனிக்க இனிக்கப் பேசுங்கள் என்று. உதடு வெடித்துக் கிடக்கும் ஜனவரியில் போய் இந்தக் கட்டளை! அதே எள்ளின் எண்ணெயையாவது கூடக் கொடுக்கலாம் என்று தோன்றும்.

இரு சக்கர வண்டிகளின் ஊர் இது. முகம் முழுவதும் துப்பட்டாவைச் சுற்றி, கண் மட்டும் தெரிய ஆக்டிவாவில் போகும் பெண்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. எதிர்காற்றுக்கும் தூசிக்கும் வெயிலுக்கும் உதட்டுக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது. முக்கியமாகக் கீழுதடு, கொஞ்சம் வெளியே பிதுங்கி வானத்தைப் பார்த்து இருப்பதால், வெயிலை நேராக வாங்குகிறது. வருடக்கணக்கில் வெயிலில் நிற்கிற கட்டட வேலைக்காரர்கள், டிராபிக் போலீஸ்காரர்கள், தெருவில் வண்டி தள்ளுகிறவர்கள் ஆகியோருக்குக் கீழுதடு சொரசொரப்பாகி வெளுத்துப் போவதைக் கவனித்திருப்பீர்கள். தொப்பியும் துண்டும் அவர்களுக்கு அலங்காரம் அல்ல.

எல்லா உதட்டுப் புண்ணும் வறட்சியால் வருவதில்லை. ஹாபூஸ் சீசனில் காம்பை வாயால் கடித்துப் பழத்தை உறிஞ்சும் பிள்ளைகளுக்கு உதடு வெந்த மாதிரி ஆகும். அது மாங்காய்ப்பால் பட்டது. காம்பை நறுக்கிப் பாலை வடியவிட்டுக் கழுவிக் கொடுத்தால் வராது. பற்பசை மாற்றியதும் உதடு எரிய ஆரம்பித்தால் பழைய பற்பசைக்கே திரும்புங்கள். இலவங்கப்பட்டை, புதினா வாசனை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கடைவாய் இரண்டும் வெடித்து, வாயைத் திறந்தாலே வலித்தால் அதற்கு உதட்டு ட்யூப் உதவாது. இரும்புச் சத்துக் குறைவு, பி வைட்டமின் குறைவு, அல்லது எச்சில் தங்கி வளரும் பூஞ்சை, இப்படிக் காரணம் வேறாக இருக்கும். பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு, செட் தேய்ந்து வாய் உள்வாங்கிப் போனாலும் கடைவாயில் எச்சில் கட்டிக்கொண்டு இது வரும். ஒரு வருடமாக ஆயின்மென்ட் போட்டுவந்த ஒரு தாத்தாவுக்குப் புதுப் பல்செட் கட்டியதும் சரியாகிவிட்டது.

காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரத்தில் கொத்தாக வரும் சிறு கொப்புளம் ஒரு வைரஸின் வேலை. ஒரு முறை வந்தால் அது நரம்புக்குள் ஒளிந்துகொண்டு, உடம்பு அசந்த சமயம் பார்த்துத் திரும்ப வரும். பெரியவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் தொந்தரவு. ஆனால் பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்தாகக்கூடும். கொப்புளம் உள்ளவர்கள், அத்தையானாலும் பாட்டியானாலும், பச்சிளங் குழந்தையை முத்தமிடக் கூடாது. உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கத்தைப் பார்த்து இங்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேடிக்கையாகச் சிரிப்பார்கள். ஒரே டம்ளரில் நாலு பேர் குடிக்கும் வீட்டில் அது எவ்வளவு உபயோகம் என்று இந்த வைரஸ் விஷயத்தில் தெரிகிறது.

இனி நிறம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறித்ததும், தாயார் மகளை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "உதடு கறுப்பா இருக்கு, வெளுக்கிறதுக்கு ஏதாவது குடுங்கோ" என்பார். அந்தப் பெண் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே பொருள்தான் உதட்டிலும் இருக்கிறது. மாநிறத் தோலுள்ள நமக்கு உதடும் பழுப்பாக, ஓரத்தில் கருமையாக இருப்பதுதான் இயல்பு. அது அழுக்கும் அல்ல, நோயும் அல்ல. எலுமிச்சம்பழத்தில் சர்க்கரை தொட்டுத் தேய்த்தால் சிவக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிவக்கும்தான், தோல் கிழிந்து சிவக்கும். ஆறும்போது முன்னைவிடக் கறுக்கும். சிகரெட்டால் வந்த கறுப்பு, ஒவ்வாத லிப்ஸ்டிக்கால் வந்த கறுப்பு, இவற்றுக்கு மட்டும் காரணத்தை நிறுத்தினால் குணம் தெரியும். நான் ஒரு பெண்ணுக்கும் வெளுக்கும் களிம்பு கொடுத்ததில்லை. பிறந்ததிலிருந்து உள்ள நிறத்துக்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை என்று சொல்லி அனுப்புவேன். அந்தப் பெண்களில் சிலர் அப்போது நிமிர்ந்து பார்த்ததுண்டு.

லிப்ஸ்டிக் போடுகிறவர்கள் போடட்டும், குற்றமில்லை. சைவ வீட்டுப் பெண்களுக்கு ஒரு தகவல்: சில சிவப்புச் சாயங்கள் கள்ளிச் செடியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி எடுக்கப்படுபவை. டப்பாவில் 'கார்மைன்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்தில் கவனிக்க வேண்டியது வேறு. கீழுதட்டைக் கொஞ்சம் மடக்கி உள்பக்கம் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்துக் கிடந்தால் இரத்தசோகை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். குழந்தைக்கு உதடும் நாக்கும் நீலம் பாய்ந்திருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பேச்சுக்கும் உதடுதான் வாசல். ப, ம இரண்டும் உதட்டோடு உதடு சேர்ந்து பிறக்கின்றன, வ பல்லும் உதடும் சேர்ந்து பிறக்கிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் வரையறுத்து வைத்திருக்கிறது. மராட்டியில் உதடு சேரும் எழுத்துக்கள் ஐந்து. ப என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு நாலு வகை ஒலியையும் சமாளிப்பது நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முதல் வருடம் திண்டாட்டம். அம்மா என்றாலும் அப்பா என்றாலும் உதடு மூடித் திறக்க வேண்டும். மராட்டிக் குழந்தைக்கு பாபாவுக்கு மட்டும்தான் அந்த வேலை, ஆயியைத் திறந்த வாயோடு கூப்பிட்டுவிடலாம். உதடே ஒட்டாமல் பாடும் வித்தையும் நம்மிடம் இருக்கிறது, நிரோட்டகம் என்று பெயர். துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன் மேல் அப்படி ஒரு அந்தாதியே செய்திருக்கிறார். வீட்டில் பிள்ளைகளைத் திருக்குறள் 341-ஐயும் 350-ஐயும் கண்ணாடி முன் நின்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் துறவு அதிகாரம்தான். பற்றிலிருந்து நீங்கச் சொல்லும் முதலாவதில் உதடுகள் ஒட்டுவதே இல்லை, பற்றச் சொல்லும் இரண்டாவதில் பிரிய மனமில்லாமல் ஒட்டி ஒட்டி வரும்.

பிறவியிலேயே மேலுதடு பிளந்த குழந்தைக்கு இந்த ப, ம இரண்டும் எட்டாமல் போகக்கூடும். கர்ப்பிணி கிரகணத்தன்று காய் நறுக்கினால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். இரண்டு மாநிலமும் ஒத்துப்போகும் விஷயங்களில் இது ஒன்று. நடப்பது என்ன? கருவில் மேலுதடு ஒரே துண்டாக வளர்வதில்லை. நடுப்பகுதி மூக்குப் பக்கமிருந்தும், ஓரங்கள் இரு கன்னங்களின் பக்கமிருந்தும் வளர்ந்து வந்து ஏழாவது வாரத்துக்குள் ஒன்றாக இணைந்துவிடும். இணையாமல் நின்றால் பிளவு. ஏழாவது வாரம் என்பது, தாய்க்கே நாள் தள்ளிப்போனது இப்போதுதான் உறுதியாகியிருக்கும் சமயம். ஆறாம் மாதம் வந்த கிரகணத்துக்கு அங்கே செய்ய வேலை ஏதும் பாக்கி இல்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய 700 பிள்ளைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. பரம்பரை, புகை, சர்க்கரை நோய், வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியவை காரணமாகலாம். (வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது, கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.) அந்தத் தாயைக் கத்தி எடுத்தாயா, அரிவாள்மனை எடுத்தாயா என்று வாழ்நாள் முழுக்கக் குடைகிற மாமியார்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மூன்று மாதம் கடந்து குழந்தை எடை தேறியதும் உதட்டைத் தைத்துவிடலாம். அண்ணமும் பிளந்திருந்தால் அதற்கு ஒரு வயதை ஒட்டி இன்னொரு அறுவை. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தில் இந்தப் பிளவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஸ்மைல் டிரெயின் போன்ற அமைப்புகளின் உதவியோடு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் உண்டு. பணமில்லை என்று எந்தக் குழந்தையும் காத்திருக்க வேண்டியதில்லை.

வெட்டுண்ட உதட்டையும் மூக்கையும் காதையும் ஒட்டும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. அந்தக் கைவேலை உலகத்துக்குத் தெரியவந்ததில் நம் புனேவுக்கும் பங்கு உண்டு. திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். பின்னர் இந்தப் பக்கத்தில் செங்கல் சுடும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கி மூக்குச் செய்து வைத்தார். லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' 1794 அக்டோபர் இதழில் அந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்த வெள்ளைக்கார மருத்துவர்கள் வருடக்கணக்கில் யோசித்து, 1814-இல் கார்ப்யூ என்பவர் லண்டனில் அதையே செய்து காட்டினார். இன்று உதட்டைச் சீரமைக்கும் ஒட்டறுவையும் பக்கத்துத் தோலை உயிரோடு திருப்பி ஒட்டும் அதே தத்துவத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

அப்படித் திருத்தப்பட்ட ஓர் உதட்டை நான் அறிவேன். இவ்வளவும் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2011 குளிர்காலம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் டர்னர், நாற்பத்தைந்து வயது. டிசம்பரில் ஒரு ட்யூப் வாங்கினார். ஜனவரியில் ஒன்று. பிறகு மார்ச் நடுவில் வந்து, "அண்ணாச்சி, அந்த உதட்டு ட்யூப் ஒண்ணு குடுங்க" என்றார்.

"என்ன தம்பி, பங்குனி பொறந்தாச்சு. இன்னுமா பனி வெடிப்பு?"

"அது என்னமோ ஆற மாட்டேங்கு."

"வலி இருக்கா?"

"வலி ஒண்ணுங் கெடையாது. அதான் நானும் விட்டுட்டேன்."

உதட்டை மடக்கிக் காட்டச் சொன்னேன். கீழுதட்டின் உள்பக்கம் இடது ஓரத்தில் தோல் வெள்ளையாகத் தடித்துச் சுருங்கியிருந்தது. நடுவில் மிளகு அளவுக்கு ஒரு புண், ஓரம் கெட்டியாக இருந்தது. அந்த இடத்தில்தான் அவர் பதினைந்து வருடமாகத் தம்பாக்கை அடக்கி வந்தார். இங்கே வந்தபின் பட்டறையில் பழகிய பழக்கம், உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டைவிரலால் கசக்கித் தட்டி உதட்டுக்குள் செருகுவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிநேகிதன் கொடுப்பான், மறுநாள் நாம் கொடுக்க வேண்டும். புது ஊரில் தனியாக இருக்கிறவனுக்கு அது ஒரு கூட்டு. அதைச் சுலபமாகக் குறை சொல்லிவிட முடியாது.

ட்யூப் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, பல் மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்பினேன். சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்று, ஆனால் ஆரம்ப நிலை. ஆப்பு வடிவத்தில் அந்த இடத்தை வெட்டி எடுத்து உதட்டைத் திரும்பச் சேர்த்துத் தைத்தார்கள். வாய் முன்னைவிடக் கொஞ்சம் சிறுத்துப் போயிற்று. விசில் வராது, அவ்வளவுதான் நஷ்டம் என்பார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார்.

மகாராஷ்டிரத்தில் 2012-இலும் தமிழ்நாட்டில் 2013-இலும் குட்காவுக்குத் தடை வந்தது. ஆனால் கசக்கிப் போடும் புகையிலை எங்கே போயிற்று? பெண்களுக்கு மிஷ்ரி இருக்கிறது. புகையிலையைத் தவாவில் கருக வறுத்துப் பொடித்துப் பல் துலக்குவது. பல்வலிக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டு நம் வீட்டுப் பெண்களிலும் சிலர் பழகியிருக்கிறார்கள். காலையில் ஒரு தரம் என்று ஆரம்பித்து நாளைக்கு நாலு தரமாகிவிடும். நம் பாட்டிமார்களின் வெற்றிலைச் சிவப்பு உதட்டின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுக்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

பனிவெடிப்பு நெய்யோ கோகமோ தடவினால் ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வலியில்லாத தடிப்பு, சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, வாயை முன்போல் அகலத் திறக்க முடியாத இறுக்கம், இதில் எது இருந்தாலும் மருந்துக்கடைக்காரனிடம் போகாதீர்கள், பல் மருத்துவரிடம் போங்கள். சசூன் மருத்துவமனையில் பார்ப்பார்கள். கேம்ப் ரங்கூன்வாலா, தன்கவடி பாரதி வித்யாபீடம் போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பார்ப்பார்கள். மராட்டியோ இந்தியோ பேச வராது என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடும் பெரியவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சங்கத்தில் சொல்லுங்கள். கட்கி, தாபோடிப் பக்கம் என்றால் நானே வருகிறேன். முதல் நாள் சாயங்காலம் சொல்லிவிட்டால் போதும்.